162 கட்-ஆஃப் வைத்திருக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கு

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததிலிருந்து ரேங்க் லிஸ்ட் வரும்வரை பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: "இந்த மார்க்குக்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் சீட் கிடைக்குமா?" அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையாக இருந்தால், போன வருடக் கட்-ஆஃப் பட்டியலைப் பார்த்து மனம் தளர்வதற்கு முன் 7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் கட்-ஆஃப் கணக்கு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. கணித மார்க் அப்படியே 100க்கு, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாக 50க்கு, ஆக 200. கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 74 எடுத்தவருக்கு 86 + 39 + 37 = 162. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணித மார்க்கைப் பார்ப்பார்கள், அப்புறம் இயற்பியலை. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி தரும் ரேண்டம் எண்ணுக்கு வேலை வருவது எல்லாமே சமமாகிவிட்ட பிறகு, கடைசியில்தான். அது சின்ன எண்ணாக வந்துவிட்டதே என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

162ஐ வைத்துக்கொண்டு பொதுப் பட்டியலில் கிண்டி வளாகத்துக் கணினி அறிவியலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பட்டியல் ஒன்று மட்டும் இல்லை. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் உங்கள் சமூகப் பிரிவுக்குள் எத்தனையாவது ஆள் என்பது ஒரு கணக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குள் எத்தனையாவது ஆள் என்பது இன்னொரு கணக்கு.

இந்த இரண்டாவது கணக்கு 2021இல் வந்த சட்டத்தால் கிடைத்தது. மருத்துவப் படிப்புக்கு அதற்கு முந்தைய வருடமே வந்துவிட்டது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முன்னுரிமையாகப் போகும். 60 பேர் படிக்கும் வகுப்பில் நாலைந்து இடம். கேட்கக் கொஞ்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலைந்துக்கு உங்களோடு போட்டி போடுவது உங்களைப் போன்ற பள்ளிகளில் படித்தவர்கள் மட்டும்தான். இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய கைகொடுப்பு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தகுதி விதி கறாரானது. 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதி திராவிடர் நல, கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். இடையில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போயிருந்தாலும் தகுதி போய்விடும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 8 வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் எதிரே பள்ளியின் பெயரும் வகையும் சரியாக இருக்கிறதா என்று நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். ரேங்க் லிஸ்ட் வந்ததும், 7.5 பட்டியலில் உங்கள் பெயர் தனியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், முறையிடக் கொடுக்கும் அந்தச் சில நாட்களுக்குள்ளேயே பொறியியல் கலந்தாய்வுக்கான சேவை மையத்துக்குப் போய்விட வேண்டும். பிறகு போய் நின்று பயனில்லை.

இனி சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் பதிவு செய்வது. "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. உங்கள் முறை வரும்போது பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, எந்த இடம் முதலில் காலியாக இருக்கிறதோ அதைத் தருகிறார்கள். அதனால் உண்மையிலேயே ஆசைப்படுவதை முதலில் போடுங்கள். எட்டாது என்று தோன்றும் கிண்டியோ குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ மேலே இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை. பத்து சாய்ஸோடு நிறுத்துவதுதான் ஆபத்து. எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போய்வரத் தோதான கல்லூரிகள் வரைக்கும் போட்டுவையுங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் கெடு ரொம்பக் குறைவு. அதற்குள் உறுதி செய்யாவிட்டால் கைக்கு வந்த இடம் போய்விடும். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள சாய்ஸுக்கும் காத்திருக்கலாம். அப்படிக் காத்திருந்து மேலே உள்ளது கிடைத்துவிட்டால், பழைய இடம் தானாக ரத்தாகிவிடும். அதனால் வரிசையை லாக் பண்ணுவதற்கு முன் ஒருமுறை வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.