காயை நகர்த்தும் கைக்கு எண் புரிகிறது

2023-ல் தென்னாப்பிரிக்காவில் லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் டேப்லெட்டின் சார்ஜ் தீர்ந்ததும் பாம்பும் ஏணியும் பெட்டியைத் தேடி எடுப்பார்கள். விளக்கில்லாத அந்த இரண்டு மணி நேரம் ஆயாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் உரியது. மின்வெட்டு குறைந்ததும் பெட்டி மறுபடியும் அலமாரிக்கு மேலே போய்விட்டது. அதை இறக்கி வைக்கச் சொல்கிறேன். பழைய நாள் ஏக்கத்தால் அல்ல, அந்த அட்டையின்மேல் பிள்ளையின் மூளை செய்யும் வேலைக்காக.

நாலு வயதுப் பிள்ளை ஒன்று முதல் பத்து வரை தடங்கலில்லாமல் ஒப்பிக்கும். "எட்டு பெரிசா, ஆறு பெரிசா?" என்று கேட்டால் விழிக்கும். அதற்கு எண்களின் வரிசை பாட்டைப் போல மனப்பாடம். ஒவ்வொரு எண்ணும் எவ்வளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. நேர்வரிசையில் எண் எழுதிய பலகை இந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. எட்டாம் கட்டத்துக்குப் போக நாலாம் கட்டத்தைப் போல இருமடங்கு தூரம் போகவேண்டும். காயை இருமடங்கு தடவை எடுத்து வைக்கவேண்டும், இருமடங்கு எண்களைச் சொல்லவேண்டும், நேரமும் ஏறக்குறைய இருமடங்கு பிடிக்கும். கண், கை, வாய் மூன்றும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

கீதா ராமணி, ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளர்கள் இதை அமெரிக்காவில் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு 1 முதல் 10 வரை எழுதிய பலகை. இன்னொரு குழுவுக்கு அதே பலகை, எண்ணுக்குப் பதில் நிறம். இரண்டு வாரத்தில் நாலே தடவை, தடவைக்குக் கால் மணி நேரம் போல ஆட்டம். எண் பலகையில் ஆடியவர்கள் எண்களை ஒப்பிடுவதிலும் அடையாளம் காண்பதிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. நிறப் பலகைக்காரர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பிறகு பலகையை வட்டமாக்கிப் பார்த்தபோது பலன் குறைந்தது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது, பெரும்பாலான வீடுகளில் அதைக் கவனிப்பதில்லை. காய் ஐந்தில் நிற்கிறது, பகடையில் இரண்டு விழுகிறது. பிள்ளை "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தும். "ஆறு, ஏழு" என்று சொல்ல வையுங்கள். எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-ல் காட்டியது இதுதான்: நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணிய பிள்ளைகளே அதிகம் கற்றார்கள். "ஒன்று, இரண்டு" என்று சொல்லும் பிள்ளைக்குக் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லையே! ஆயா இதைத் தமிழில் எண்ணினால், வாரக்கடைசித் தமிழ் வகுப்பில் ஒப்பித்த எண்களுக்கும் கொஞ்சம் உயிர் வரும்.

நூறு கட்டப் பலகையில் ஒரு சங்கடம்: வரிசைக்கு வரிசை திசை மாறுகிறது. சின்னப் பிள்ளைக்குக் குழப்பம். காலையில் சாப்பிடும் சீரியல் டப்பாவின் அட்டையில் பத்துக் கட்டத்தை ஒரே வரிசையாக வரைந்து தொடங்குவது நல்லது.

இதே ஆட்டம் டேப்லெட்டிலும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அதில் திரையைத் தொட்டதும் காய் தானே ஓடிவிடும். எண்ணும் வேலையைக் கருவி பிடுங்கிக்கொள்கிறது. திரை என்பதாலேயே தீது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வயதையொட்டிய பிள்ளைகள் வீடியோ அழைப்பில் எதிரே இருப்பவர் பதில் சொல்லிப் பேசியபோது புதிய சொற்களைக் கற்றதையும், பதிவுசெய்த வீடியோவில் கற்காததையும் 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. பிள்ளை செய்வதைப் பார்த்து உடனுக்குடன் பதில் தர ஓர் ஆள் வேண்டும்.

லூடோ வேறு பாடம். காய் வெளியே வர ஆறு விழவேண்டும். நாலு தடவை உருட்டியும் ஆறு விழாமல் போக வாய்ப்பு 48 விழுக்காடு. காத்திருக்கவும் கையை அடக்கவும் பழக்கும் ஆட்டம்தான், ஆனாலும் நாலு வயதுக்கு இது கொடுமை. ஒன்று விழுந்தாலும் வெளியே வரலாம் என்று விதியைத் தளர்த்துங்கள். அந்த 48 சுமார் 20 ஆகிவிடும்.

ஏழெட்டு வயதானால் இந்த மண்ணின் மொரபரபா என்ற பலகை ஆட்டத்துக்குப் போகலாம். ஆளுக்குப் பன்னிரண்டு காய்கள், அவற்றுக்குப் பெயர் "மாடுகள்". மூன்றை ஒரே கோட்டில் சேர்த்தால் எதிராளியின் மாடு ஒன்று போகும். பகடை கிடையாது. அதனால் அதிர்ஷ்டத்தின்மேல் பழி போடமுடியாது. ஆயா தோற்றால் நிஜமாகவே தோற்றதுதான். முற்றத்துச் சிமென்ட் தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, இரண்டு நிறப் பாட்டில் மூடிகளை வைத்தே ஆடலாம்.