வார்னிங்கைக் கடைசியில் போடுங்கள்

பல டீம்கள் சேர்ந்து எழுதும் கோட்பேஸில் ஒரு பழைய ஃபங்ஷனை ஒழிக்க நினைப்பவர்கள், முதல் வேலையாக அதன் தலையில் 'டெப்ரிகேட்டட்' (இனி பயன்படுத்தாதீர்கள், ஒருநாள் இது போய்விடும்) என்று ஒட்டிவிடுகிறார்கள். மறுநாளே எல்லோருடைய பில்ட் லாகிலும், அதாவது கம்பைல் செய்யும்போது வரும் பதிவில், வார்னிங்குகள் மஞ்சள் வரிகளாக ஓடும். ஒருவரும் படிக்க மாட்டார்கள். ரிவ்யூவுக்கு இப்படியொரு பேட்ச் (கோடில் செய்த மாற்றம்) வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: இதை எத்தனை இடத்தில் கூப்பிடுகிறார்கள், அதையெல்லாம் யார் மாற்றப்போகிறார்கள்? "அந்தந்த டீம் பார்த்துக்கொள்ளும்" என்று பதில் வந்தால், அந்த வார்னிங் வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இதே கதைதான் நடந்தது. 2018 ஆகஸ்டில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் டெப்ரிகேட்டட் வார்னிங்கையே மொத்தமாக எடுத்துவிட்டார். எல்லோருக்கும் எரிச்சல், யாரும் சரிசெய்வதில்லை, உருப்படியான வார்னிங்கும் அந்தக் கூட்டத்தில் கண்ணில் படாமல் போகிறது என்பது அவர் வாதம். ஒரு ஃபங்ஷன் வேண்டாமென்றால், அதைக் கூப்பிடும் இடங்களையெல்லாம் நீங்களே மாற்றிவிட்டு அதைத் தூக்கிவிடுங்கள் என்றார்.

அதே கெர்னலில் வேறு இரண்டு வார்னிங்குகள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஓடும்போது அளவு முடிவாகும் அரேக்களை முதலில் ஒவ்வொன்றாக அகற்றினார்கள். எல்லாம் போன பிறகு, கெர்னலின் 4.20 வெர்ஷனில்தான் அதற்கான வார்னிங் வந்தது. அடுத்தது, பல கேஸ்களில் ஒன்றைத் தேர்ந்து ஓடும் 'ஸ்விட்ச்' கட்டளையில், அங்கேயே நிறுத்தச் சொல்லும் 'பிரேக்' இல்லாமல் அடுத்த கேஸுக்குள் வழுக்கி விழுவது. வேண்டுமென்றே விட்டதா, மறந்ததா என்று ஒவ்வொரு இடமாகப் பார்த்தார்கள். வேண்டுமென்றே விட்டதற்குக் குறிப்பு எழுதினார்கள். மறந்த இடங்களில் நிஜமான பக் சிக்கியது. 2019-இல் 5.3-இல் வார்னிங்கைப் போட்டார்கள். இப்போது ஒருவர் பிரேக்கை மறந்தால், சுத்தமான லாகில் அவர் சற்றுமுன் எழுதிய வரி மட்டும் தெரியும். அதை எப்படிப் பார்க்காமல் இருப்பார்?

நம் ஃபங்ஷனைப் பயன்படுத்தும் வெளியாட்களின் கோட் நம் கையில் இல்லையே என்றால், அங்கே வார்னிங் முன்னதாகவே வேண்டியதுதான். ஆனால் யார் கண்ணில் படும் என்று யோசிக்க வேண்டும். ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷுக்குப் பின் தப்பான எழுத்து வந்தால், பைத்தான் மொழியின் 3.6 வெர்ஷனில் சத்தமில்லாத (இயல்பில் திரையில் தெரியாத) வார்னிங் இருந்தது. 3.8-இன் சோதனை வெளியீடான பீட்டாவில் அதை உரக்கச் சொல்ல வைத்தார்கள். அடுத்தவர் லைப்ரரியை இன்ஸ்டால் செய்த அப்பாவிகளின் திரையில்தான் அது வந்து விழுந்தது. ரிலீஸுக்கு முன் பின்வாங்கினார்கள். கடைசியில் 2023-இல் 3.12-இல்தான் அது உரத்த வார்னிங்காக வந்தது.

எப்போது எடுப்போம் என்று சொன்ன தேதியைக் காப்பாற்றுவதும் முக்கியம். 'கலெக்‌ஷன்ஸ்' மாட்யூலிலிருந்து (பைத்தானோடு வரும் ஒரு கோட் தொகுப்பு) 'மேப்பிங்'கை இம்போர்ட் செய்தால், 3.8-இல் வேலை செய்யாது என்றது பைத்தான் 3.7. 3.8 வந்ததும் 3.9 என்றது, 3.9 வந்ததும் 3.10 என்றது. 2021-இல் 3.10-இல் நிஜமாகவே எடுத்தபோது, எத்தனையோ பேரின் கோட் உடைந்தது.

மாற்ற வேண்டிய இடங்கள் மலைபோல் இருந்தால், பழைய ஃபைல்களை ஒரு விதிவிலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் அந்தப் பழைய ஃபங்ஷனைக் கூப்பிடுவதை நேராக, பில்டையே நிறுத்தும் எரராகவே வைத்துவிடுங்கள். பட்டியலில் புதுப் பெயர் சேர்க்க ரிவ்யூ கட்டாயம். நீக்குவதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.