பீடிக்குக் கணக்கு இருக்கு, ஊசிக்கு இல்லையா?

போட்ட இன்சுலின் ஊசியையே வீட்டில் மறுபடி போட்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவது இந்த வருஷம் இது மூன்றாவது தடவை. அதனால்தான் நைட் டியூட்டி முடிந்து பஸ் ஏறியதுமே நோட்டை எடுத்துவிட்டேன். தூங்கி எழுந்தால் கோபம் ஆறிவிடும்.

ராத்திரி பத்தரை மணி. குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வாடகை காரில் ஓர் ஆயாவைத் தூக்கி வந்தார்கள். ஜாக்கெட் பிழியும் அளவுக்கு வியர்வை. நெற்றி நிறைய திருநீறு. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 34. ஊசி வழியாக டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏற்றினோம். சில நிமிஷத்தில் கண்ணைத் திறந்து, மருமகளைப் பார்த்து ஆயா கேட்ட முதல் கேள்வி: "இலை நனைச்சியாடி?" பீடி இலை!

நடந்தது இவ்வளவுதான். ஏழு மணிக்கு மகன் இன்சுலின் போட்டுவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு நைட் ஷிப்ட் போய்விட்டார். ஏழரைக்கு மருமகள் வந்து, "ஊசி போட்டாச்சா ஆயா?" என்று கேட்டிருக்கிறார். ஆயாவுக்கு ஞாபகம் இல்லை, "இல்லையே" என்றிருக்கிறார். மறுபடி ஒரு ஊசி. இரண்டு பேருமே பாசத்தில்தான் போட்டார்கள். அதுதான் எனக்கு எரிச்சல், திட்டக்கூட முடியவில்லை.

ஒன்பது மணிக்கே வேர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசியிருக்கிறார். வெயில் கிறுக்கு என்று விசிறியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டம்மா சர்க்கரைத் தண்ணி கொண்டு வந்தும், "ஐயோ, சுகர் பேஷன்ட்டு, சர்க்கரை குடுத்தா செத்துடும்" என்று தடுத்திருக்கிறார்கள்.

தயவுசெய்து இதைக் கேளுங்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை விஷம் இல்லை. 70-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதுதான் மருந்து. "ஏற்கெனவே 300 இருக்கிறவங்களுக்கு எப்படி சிஸ்டர் குறையும்?" என்று கேட்கிறார்கள். காலையில் 300 இருந்தவருக்கு ராத்திரி 40 ஆகலாம். ஊசி போட்டுவிட்டு ரெண்டு இட்லியோடு எழுந்தால் ஆகும், மாத்திரை போட்டுவிட்டு விரதம் இருந்தால் ஆகும். மெஷின் இல்லையா? சந்தேகம் வந்தாலே கொடுங்கள். கூடிப்போன சுகரை நாளைக்குக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த சுகரோடு மூளை நாளைவரை காத்திருக்காது.

நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. அப்புறம் சாப்பாடு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பால் சுகர் மெதுவாகத்தான் ஏறும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். தெளிந்துவிட்டாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள், திரும்பவும் இறங்கலாம்.

ஊசி போட்டோமா என்று சந்தேகமா? போடாதீர்கள். சுகர் பார்த்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். சிவப்பு மூடி சிரிஞ்ச் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் உள்ளதுக்கு. 100 மருந்தைச் சிவப்பு மூடியில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். மெடிக்கலில் மாற்றிக் கொடுத்தார்கள் என்று அப்புறம் என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

மருமகளின் கைப்பையில் பீடி பாஸ்புக் இருந்தது. என்றைக்கு எத்தனை பீடி போட்டாள், எத்தனை கழித்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எதிலும் ஒரு ரூபாய் தப்பாத வீடு. ஊசிக்கு மட்டும் ஒரு கோடுகூட இல்லை. கேட்டால், "ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குமே சிஸ்டர்!" உங்கள் வீட்டில் ஏழு மணிக்குப் போட்ட ஊசி எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும்?

எங்கள் வேலையில் பாதி எழுத்துதான். "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்" என்று சொல்லிச் சொல்லித்தான் வார்டில் என்னை வளர்த்தார்கள். 1909-லேயே டாக்டர் ஐடா ஸ்கடர் நர்ஸிங் பள்ளி தொடங்கிய வேலூர் இது. மே 12, நர்ஸ் தினம் வந்தால் நைட்டிங்கேல் பெயரைச் சொல்லி விளக்கேந்தி உறுதிமொழி எடுக்கிறோம். நைட்டிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் செத்தவர்களைக் காரணம் வாரியாக எண்ணி 1858-ல் வரைபடமாகப் போட்டாரே, அதைப் பற்றி மட்டும் மேடையில் யாரும் பேசுவதில்லை. அந்த அம்மாவை எனக்குப் பிடித்ததே அதற்காகத்தான்.

எழுத எனக்கு உற்சாகம் தருவது புத்தகங்களைவிட இங்கே வருகிற மனுஷங்கள்தான். அணைக்கட்டு பக்கம் ஒரு பெரியம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர். ஊசி போட்டதும் அடுப்பங்கரைச் சுவரில் கரியால் ஒரு கோடு. காலைக்கு நின்ற கோடு, சாயங்காலத்துக்குப் படுத்த கோடு. வருஷக்கணக்கில் ஒரு வேளை தப்பவில்லை.

இந்தக் கதையைக் காலையில் டியூட்டி முடிந்து கிளம்பும்போது ஆயாவின் மருமகளிடம் சொன்னேன். தினசரி காலண்டர் தாளில் குறிக்கச் சொல்லி என் பேனாவையும் நீட்டினேன். வாங்கவில்லை. "பேனா வேணாம் சிஸ்டர். காலண்டர் ஆணியிலயே பென்சில் கட்டித் தொங்குது, பால் கணக்குக்கு."