வேலையின்மை விகிதம் குறைந்தால் வேலை கிடைத்துவிட்டதா?

வேலையின்மை 4 சதவீதம் என்று செய்தி வந்தால், நாட்டில் மீதி 96 பேருக்கும் வேலை இருக்கிறது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கில் எல்லோரும் வருவதில்லை. வேலையில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் தொழிலாளர் படை என்கிறோம்; சதவீதம் போடுவது அதற்குள்தான்.

கணக்கெடுப்பில் நாங்கள் “வேலைக்குப் போகிறீர்களா?” என்று மொட்டையாகக் கேட்பதில்லை. கேட்டால், குடும்பக் கடையில் தினமும் கல்லாவில் உட்காருகிற பெண்கூட “சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்” என்பார். அதனால் கேள்வியைப் பிரித்துக் கேட்போம். கடந்த 7 நாளில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தீர்களா? குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உதவினீர்களா? ஆம் என்றால் அவர் வேலையில் இருப்பவர். இந்த ஒரு மணி நேர வரம்பு ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன வேலையும் கணக்கில் விட்டுப்போகக் கூடாது என்று வைத்த வரம்பு அது; வயிறு நிறைகிறதா என்பதை அது அளக்காது.

சர்வதேச வரையறைப்படி வேலையில்லாதவர் என்று பதிய, வேலை இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. சமீபத்திய நான்கு வாரத்தில் வேலை தேடியிருக்க வேண்டும், கிடைத்தால் சேரவும் தயாராக இருக்க வேண்டும். சிக்கல் இங்கேதான்.

60 பேர் வேலையில், 5 பேர் தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் 65-க்கு 5, அதாவது 7.7 சதவீதம். அலுத்துப்போய் 3 பேர் தேடுவதை விட்டுவிட்டால், அடுத்த முறை 62-க்கு 2, அதாவது 3.2. ஒருவருக்குக்கூடப் புதிதாக வேலை கிடைக்கவில்லை, விகிதம் மட்டும் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது!

2013-ல் ஜெனீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு இதற்காகத்தான் நான்கு அளவுகளை வகுத்தது. முதலாவது வழக்கமான விகிதம். இரண்டாவது, கூடுதல் நேரம் உழைக்கத் தயாராக இருந்தும் வேலை போதாதவர்களைச் சேர்க்கும். மூன்றாவது, தேடுவதை விட்டவர்கள் போல விளிம்பில் நிற்பவர்களைச் சேர்க்கும். நம் உதாரணத்தில் அந்த மூவரும் வேலை செய்யத் தயார் என்றால் அது பழைய 7.7-லேயே நிற்கும். நான்காவதில் எல்லோரும் வருவார்கள். அந்த 60 பேரில் 12 பேருக்கு வேலை நேரம் போதவில்லை என்றால், தேடும் 2 பேரும் விட்ட 3 பேரும் சேர்ந்து 65-க்கு 17, அதாவது 26.2.

அப்புறம், வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண்ணிக்கையை இதோடு ஒப்பிடாதீர்கள். வேலையில் இருந்துகொண்டே பதிந்தவர்கள் அதில் இருக்கலாம். வேலையே இல்லாமல் பதியாதவர்களும் உண்டு.