கண்ணை மூடினால் வட்டம் எப்படித் தெரியும்?

பெரியம்மாவுக்கு 71 வயது. இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்று புலம்பியதால் அவருடைய கைப்பேசியில் ஒரு தியானச் செயலியை நிறுவிக்கொடுத்தேன். திரையில் நீல வட்டம் ஒன்று விரிந்தது. "கண்களை மூடிக்கொள்ளுங்கள். வட்டம் விரியும்போது மூச்சை இழுங்கள்" என்றது ஒரு தேன்குரல். பெரியம்மா ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு மறு கண்ணால் என்னைப் பார்த்தார். "இரண்டையும் மூடிவிட்டால் வட்டம் எப்படியடா தெரியும்?"

செயலியை வடிவமைத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வட்டம் வெறும் அலங்காரமும் அல்ல. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமெடுக்கும். விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க, துடிப்பு தணியும். இதோடு இன்னொரு சுழற்சியும் உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியிலும் இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்கும் உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் மூளைக்குச் சேதி போகும், மூளை இதயத்தை மெதுவாக்கும், அழுத்தம் இறங்கும். சேதி போய் வேலை நடப்பதற்குச் சில விநாடிகள் பிடிப்பதால் அழுத்தமும் துடிப்பும் ஏறத்தாழ 10 விநாடிக்கு ஒருமுறை தாமாகவே ஏறி இறங்குகின்றன. மூச்சையும் அதே தாளத்துக்கு, அதாவது நிமிடத்துக்கு ஆறு என்று கொண்டுவந்தால், ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளியதுபோல் அந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிறது. நிதான மூச்சு தரும் அமைதியில் இதற்குப் பங்கு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் ஊஞ்சல் கயிற்றின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். இத்துறையில் நெடுங்காலம் உழைத்த பால் லேரரும் எவ்ஜெனி வஷில்லோவும் பொருத்தமான வேகம் பெரியவர்களிடம் நிமிடத்துக்கு 4.5 முதல் 6.5 மூச்சு வரை வேறுபடுவதைக் காட்டினார்கள். உயரமானவர்களுக்கு அது இன்னும் நிதானமாக இருக்கும்; அவர்கள் உடலில் இரத்தத்தின் அளவு அதிகம் என்பது ஒரு காரணம். உங்கள் வேகத்தைக் கண்டுபிடிக்க 6.5, 6, 5.5 என்று ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் மூச்சுவிட்டு, எதில் துடிப்பின் ஏற்ற இறக்கம் மிகுதி என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. கைப்பேசியின் கேமரா மீது விரலை வைத்து ஃபிளாஷை எரியவிட்டால், ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் பாயும் இரத்தம் கூடிக் குறைய, படத்தின் நிறமும் மெல்ல மாறும். அதிலிருந்தே நாடியைக் கணக்கிடலாம். இவ்வளவும் கையில் இருந்தும் எல்லாருக்கும் ஒரே வட்டத்தை ஒரே வேகத்தில் விரித்துக்காட்டுவது சோம்பேறித்தனம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பெரியம்மாவின் கேள்விக்கு விடை அதிர்வு. 2016இல் ஆப்பிள் கைக்கடிகாரத்தில் வந்த மூச்சுப் பயிற்சி, உள்மூச்சின்போது மணிக்கட்டில் மெல்லத் தட்டிக் காட்டியது. கண்ணைத் தாராளமாக மூடிக்கொள்ளலாம். பார்வையில்லாதவருக்கும் காது கேளாதவருக்கும் அதே தட்டல் போதும். விரிந்து சுருங்கும் படங்களைப் பார்த்தால் தலைசுற்றுகிறவர்களும் பிழைத்துக்கொள்வார்கள்.

குரலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அது நம் மொழிக்கே உரியது. ஆங்கிலத்தில் 'பிரீத் இன்' என்று இரண்டே அசையில் முடிந்துவிடும். அதைத் தமிழாக்கியவர் 'மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்' என்று 11 அசையில் எழுதியிருந்தார். வினை கடைசியில் வருவதால் இழுப்பதா விடுவதா என்று தெரிவதற்குள் நான்கு விநாடி உள்மூச்சில் பாதி போய்விடுகிறது. பெரியம்மா ஒவ்வொரு முறையும் பின்தங்கி, துரத்திப் பிடிக்க முயன்று, மேலும் மூச்சிரைத்தார். 'உள்ளே', 'வெளியே' என்று மட்டும் சொன்னால் போதாதா?

'ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யுங்கள்' என்பதும் எல்லாருக்கும் எடுபடாது. மனக்கண்ணில் எந்தப் படமும் எழாதவர்கள் இருக்கிறார்கள். இந்நிலைக்கு 2015இல் 'அஃபேன்டேசியா' என்று பெயர் சூட்டினார் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸீமன். அவர்களுக்கு அலையின் ஓசையைக் கேட்கவிடுவது நல்லது.

இவையெல்லாம் வசதிக் குறைவுகள். மூச்சைக் கவனிப்பதே சிலருக்கு ஆபத்தாகலாம் என்பதுதான் கவலைக்குரியது. பதற்ற நோய் உள்ளவர் நெஞ்சின் அசைவை உற்றுக் கவனிக்கத் தொடங்கினால், சிறிய படபடப்பும் பெரிய மிரட்டலாகத் தெரியும். பயம் மூச்சை வேகமாக்கும், வேகமான மூச்சு பயத்தை வளர்க்கும். பிரௌன் பல்கலைக்கழகத்தின் ஜாரட் லின்டாலும் வில்லபி பிரிட்டனும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானம் செய்பவர்கள் அச்சம், தூக்கமின்மை முதலிய இன்னல்களைச் சந்தித்ததைப் பதிவுசெய்தார்கள். ஆகவே மாற்று வழி முதல் திரையிலேயே இருக்க வேண்டும்: கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம், பாதம் தரையில் படுவதைக் கவனிக்கலாம், மின்விசிறியின் ஓசையைக் கேட்கலாம், பாதியில் எழுந்தும் போகலாம். அமைப்புகள் பகுதியில் நான்கு அடுக்குக்குக் கீழே புதைத்துவைத்தால், பதற்றத்தில் இருப்பவர் அங்கே போய்த் தேடமாட்டார்.

2019இல் 93 மனநலச் செயலிகளை ஆராய்ந்தபோது, நிறுவியவர்களில் 30ஆம் நாளில் அவற்றைத் திறந்தவர்களின் இடைநிலை அளவு (மீடியன்) 3.3 சதவீதம்தான். நிறுவனங்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து, 'தொடர்ந்து 12 நாள்!' என்று எண்ணிக்காட்டும் சுடர். ஒரு நாள் தவறினால் சுடர் அணையும். மன அமைதிக்காக வந்தவர் குற்ற உணர்வோடு திரும்புவார். (தியானம் கைவந்தவருக்குச் செயலியே வேண்டாம் என்பது சந்தா விற்பவர்களுக்குக் கசப்பான செய்தி.)

பெரியம்மாவுக்கு இப்போது வேறு செயலி. அதிர்வு உண்டு, குரல் இல்லை. படுத்தபடி கைப்பேசியை வயிற்றின் மேல் கவிழ்த்து வைத்துக்கொள்கிறார். காலையில் எடுத்துப் பார்த்தால் சிவப்பு எழுத்தில் 'பயிற்சி முழுமையாகவில்லை' என்று நிற்கிறது.

"தூங்கிவிட்டேன். அதற்குத்தானேடா இது?" என்கிறார்.