பூட்லோடரில் பூட்டு இல்லை

போனை ஆன் செய்ததும் ஆண்ட்ராய்டை ஏற்றிவிடும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடைகளில் அதற்கு 'பூட்டு லோடர்' என்ற சொல் நிலைத்தே விட்டது. "பூட்டு லோடர் எடுக்கணும்ணே, அதுக்குத் தனி சார்ஜ்." போன் பழுது பார்க்க வீடியோவில் பாடம் நடத்துகிறவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். வாய்ப்பேச்சோடு போயிருந்தால் விட்டிருப்பேன். இப்போது எழுத்திலும் 'பூட்டு ஏற்றி' என்று வர ஆரம்பித்துவிட்டது.

பூட்லோடரில் உள்ள 'பூட்' நம் பூட்டு அல்ல. காலில் போடுகிற பூட்ஸ். அதன் பின்பக்கம் இழுத்து மாட்ட ஒரு வார் இருக்கும். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு. 1950களில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1952இல் வந்த ஐபிஎம் 701 இயந்திரத்தில் 'லோட்' என்றொரு பொத்தான். அதை அழுத்தினால் ஆரம்ப வரி உள்ளே வரும், அந்த வரி மற்ற வரிகளை இழுத்து வரும். அவ்வளவுதான் வரலாறு.

போனிலும் அதே வேலைதான். பவர் பட்டனை அழுத்தியதும் சிப்புக்குள்ளேயே பொறித்திருக்கும் சின்ன நிரல் விழிக்கிறது. அது பூட்லோடரை அழைக்கிறது. பூட்லோடர் ஆண்ட்ராய்டின் கருவை எடுத்து, தயாரித்த கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் சரிதானா என்று பார்த்து, நினைவகத்தில் ஏற்றி, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கம்பெனி கையொப்பம் இல்லாத எதையும் ஏற்ற மாட்டேன் என்று அது அடம்பிடிக்கும் நிலைக்குத்தான் 'லாக்' என்று பெயர். பூட்டு அதன் ஒரு நிலை. அதையே ஆளுக்குப் பெயராக வைத்துவிட்டோம்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள் மண்டபத்துத் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டதைக் கேட்க வேண்டும்: "அண்ணே, பூட்டு லோடர் எடுத்தா டவர் வருமா?" வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த போன், அந்த ஊர் சிம் கம்பெனிக்குக் கட்டுப்பட்டது. அது சிம் லாக். திரையில் பேட்டர்ன் கேட்பது வேறு பூட்டு. ரீசெட் செய்தபின் பழைய கூகுள் கணக்கைக் கேட்பது இன்னொரு பூட்டு. எல்லாவற்றையும் 'பூட்டு லோடர்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினால், சிம் லாக்குக்காகப் பூட்லோடரைத் திறப்பார்கள். டவர் வராது. திறக்கும்போது போனில் உள்ள படம், வீடியோ, எல்லாம் அழியும். அப்புறம் வங்கிச் செயலிகள் சில, இந்த போனில் ஓட மாட்டோம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'பூட்டி' என்கிறார். கெட்டிக்காரத்தனமான சொல் என்பதை மறுக்க மாட்டேன். பூட்டு என்றால் தாழ்ப்பாள் மட்டுமா, வண்டி பூட்டு, ஏர் பூட்டு என்று சொல்வதில்லையா, மாட்டைப் பூட்டினால் வண்டி கிளம்பப் போகிறது என்றுதானே பொருள், ஒலியும் 'பூட்'டோடு ஒத்துப்போகிறது என்று அடுக்குகிறார். எல்லாம் சரி. ஆனால் அந்தச் சொல்லை வேலைக்கு அனுப்பிப் பாருங்கள். 'பூட்டிய பூட்டி.' 'பூட்டியின் பூட்டைத் திற.' 'பூட்டி திறந்திருந்தால் மறுபடி பூட்டு.' எந்தப் பூட்டு தாழ்ப்பாள், எந்தப் பூட்டு நுகத்தடி? போதாக்குறைக்கு எங்கள் பக்கம் பூட்டி என்றால் பாட்டனைப் பெற்றவள். பூட்டியைத் திறக்கச் சொன்னால் கிழவி கம்பை எடுப்பாள். ஆங்கில ஒலிக்குத் தமிழ்ச் சொல்லை வளைத்து வளைத்துப் பொருத்துவது தூய தமிழும் அல்ல; சொல் விளையாட்டு. ஒலி ஒத்துப்போனதால் வந்த குழப்பத்துக்குத்தானே கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்? அதே குழப்பத்துக்கு இலக்கண வேட்டி கட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

அடுத்தது 'துவக்கி'. மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பிடித்த சொல். 'தொடக்கம்' இருக்க 'துவக்கம்' எதற்கு என்ற பழைய சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். மண்டபம் முகாமில் இருக்கும் ஈழத்து மக்களிடம் போய் 'துவக்கு' என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது துப்பாக்கி. 'துவக்கு ஏற்றி' என்றால் குண்டு போடுகிறவன் என்றுதான் நினைப்பார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல் செய்கிறவர்கள் அந்தப் பக்கத்துத் தமிழையும் கொஞ்சம் கேட்கலாம்.

என் ஓட்டு 'எழுப்பி'க்கு. கீழக்கரையில் நோன்பு மாதத்தில் விடியுமுன் சாப்பிடும் சஹருக்குத் தப்ஸ் மேளம் அடித்து எழுப்பிவிட்டுப் போகிறவரைப் போல, வீட்டை எழுப்பிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுகிற வேலை இது. பூட்டு என்ற சொல்லும் தன் இடத்தில் நிற்கும்: எழுப்பிப் பூட்டு, பூட்டிய எழுப்பி, எழுப்பி திறந்த போன். குழப்பமே இல்லை. 'ஏற்றி' எங்கே என்பவர்களுக்கு: ஏற்றாமல் எழுப்ப முடியாது, அது உள்ளேயே அடங்கியிருக்கிறது.

இதில் இன்னொரு சொல்லும் என்னைப் படுத்துகிறது: மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாவற்றுக்கும் போடுகிற 'இணைப்புச் சிக்கல்'. எழுப்பியைத் திறக்க போனைக் கணினியில் மாட்டி, எழுப்பியோடு பேசுகிற ஃபாஸ்ட்பூட் கட்டளை கொடுத்தால், சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒரு வரி வந்து அப்படியே நிற்கும். பெரும்பாலும் கேபிள்தான் காரணம். சார்ஜ் ஏற மட்டும் செய்த கேபிளில் தரவுக் கம்பிகளே இருக்காது. இல்லாவிட்டால் விண்டோஸில், போனை அடையாளம் கண்டு பேசுகிற டிரைவர் மென்பொருள் இருக்காது. பாம்பனில் கடலுக்குப் போய்வருகிறவர்களின் போன் என்றால் முதலில் டார்ச் அடித்து டைப்-சி வாயைப் பாருங்கள்; நடுவில் நாக்கு மாதிரி இருப்பதன் மேல் வரிசையாக உள்ள சின்னப் பற்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புக்காற்று. சார்ஜ் ஏறும், தரவு போகாது. கேபிள், வாய், டிரைவர் எல்லாம் நன்றாக இருந்து, திறக்க முடியாது என்று போனே மறுத்தால், பெரும்பாலும் செட்டிங்ஸின் டெவலப்பர் பகுதியில் ஓஇஎம் அன்லாக், அதாவது எழுப்பியைத் திறக்கும் அனுமதி, தரவில்லை என்று பொருள். அந்தப் பகுதியே பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால்தான் வெளியே வரும்.

தனுஷ்கோடிப் பக்கம் போன் சில நேரம் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்வதற்கும் 'இணைப்புச் சிக்கல்' என்றே எழுதுகிறார்கள். அதற்குக் கேபிளும் வேண்டாம், எழுப்பியும் வேண்டாம். நெட்வொர்க்கைத் தானாகத் தேடும் வசதியை அணைத்து நம் கம்பெனியை நாமே தேர்ந்தெடுத்தால் போதும். கம்பியில் போகிற இணைப்பு வேறு, காற்றில் வருகிற இணைப்பு வேறு என்று மொழிபெயர்க்கிறவருக்குத் தெரியவில்லை. 'கேபிள் எடுக்கல', 'டவர் எடுக்கல' என்று பிரித்துச் சொல்ல ராமேஸ்வரத்து ஆட்டோக்காரருக்குத் தெரிகிறது.