பூட்டிய கதவுகளுக்குள் வரிசைப்படும் கதை

கோட்டைக்குள் தேடித் திரியும் வீடியோ கேம்களை உருவாக்குபவர்களுக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. கதைக்கு வரிசை வேண்டும். ஆட்டக்காரருக்கோ நினைத்த அறைக்குள் நினைத்த நேரத்தில் நுழையும் உரிமை வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாத ஒருவருக்கு முன்னது முன்னும் பின்னது பின்னுமாகக் கதை சொல்வது எப்படி? இவ்வகை விளையாட்டுகள் கண்ட விடை, கதையின் வரிசையைக் கட்டடத்தின் பூட்டுகளிடமே ஒப்படைத்துவிடுவது.

இந்த முறை மிக நேர்த்தியாக அமைந்த விளையாட்டு என்று, 1997இல் கொனாமி நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட 'கேசில்வேனியா: சிம்பொனி ஆஃப் த நைட்' என்பதையே நான் சொல்வேன். 1986இல் தொடங்கிய இந்தத் தொடரின் முதல் விளையாட்டு, ஒரு கட்டத்தை முடித்தால் அடுத்த கட்டம் என்ற நேர்வழியில் செல்வது. 1997ஆம் ஆண்டின் விளையாட்டோ டிராகுலாவின் கோட்டை முழுவதையும் ஒரே தொடர்ச்சியான இடமாக விரித்து, அவனுடைய மகன் அலுகார்டை அதற்குள் அனுப்புகிறது.

இந்தக் கோட்டையைக் கணிதவியலாளரின் கண்ணால் பார்த்தால், அறைகள் புள்ளிகளாகவும் அவற்றை இணைக்கும் வழிகள் கோடுகளாகவும் மாறி, ஒரு கோட்டுரு கிடைக்கும். சில கோடுகள் எப்போதும் திறந்திருக்கும். மற்றவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. உயரமான மேடைக்கு, அந்தரத்தில் இரண்டாம் முறை தாவும் திறன் வேண்டும். கம்பித் தடுப்பைக் கடக்க மூடுபனியாக மாறும் திறன் வேண்டும். ஆழமான செங்குத்து வெளிகளில் ஏற வௌவாலாக மாறும் திறன் வேண்டும். தொடக்கத்தில் ஆட்டக்காரரால் எட்டக்கூடிய அறைகள் ஒரு சிறு தொகுதிதான். அந்தத் தொகுதிக்குள் அவர் எந்த வரிசையில் சுற்றினாலும் தவறில்லை. ஆனால் ஒரு திறன் கிடைத்த கணத்திலேயே, கோட்டையின் பல மூலைகளில் ஒரே நேரத்தில் கோடுகள் திறந்து, எட்டக்கூடிய தொகுதி சட்டென்று பெருகுகிறது. கதைக்கு இன்றியமையாத சந்திப்புகளை இந்தப் பெருக்கங்களின் எல்லையில் வைத்துவிட்டால் போதும்: தொகுதிக்குள் சுதந்திரமும், தொகுதிகளுக்கு இடையில் வரிசையும் நிலைத்துவிடும்.

பூட்டுகளிலும் தரம் உண்டு. இந்த விளையாட்டில் நூலகரிடம் விலைக்கு வாங்கும் ஒரு ரத்தினம், நீலக் கதவுகளைத் திறப்பதற்கு மட்டுமே பயன்படுகிறது; வேலை முடிந்ததும் மனத்திலிருந்து மறைந்துவிடுகிறது. மூடுபனி உருவம் அப்படியல்ல. தடுப்பைக் கடக்கவும் அதுவே, எதிரியின் தாக்குதலிலிருந்து தப்பவும் அதுவே. சாவியாகவும் உடலின் ஆற்றலாகவும் ஒருங்கே இருக்கும் இத்தகைய திறன்களே இவ்வகை விளையாட்டுக்கு உயிர் கொடுப்பவை.

இதில் மீறக்கூடாத ஒரு விதி, சாவிக்கு முன்பே பூட்டைக் காட்டிவிட வேண்டும் என்பது. எட்டாத மேடையை முன்பே பார்த்து ஏங்கியவருக்குத்தான் தாவும் திறன் கிடைக்கும்போது அதன் பொருள் விளங்கும். எனவே இந்த வடிவமைப்பு ஆட்டக்காரரின் நினைவாற்றலை நம்பியே நிற்கிறது. உயிரினங்கள் தாம் சுற்றிய இடத்தின் வரைபடத்தை மனத்துக்குள் உருவாக்கிக்கொள்கின்றன என்று உளவியலாளர் எட்வர்ட் டோல்மன் 1948இல் வாதிட்டார்; குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது மட்டும் தூண்டப்படும் நரம்பணுக்களை எலியின் மூளையில் நரம்பியலாளர் ஜான் ஓகீஃபும் அவருடைய சக ஆய்வாளரும் 1971இல் அறிவித்தனர். கோட்டையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்த கட்டடப்பாணியும் நிறமும் மிச்சிரு யமானேயின் இசையும் தரப்பட்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. 'அந்தத் தடுப்பை எங்கே பார்த்தேன்' என்ற கேள்விக்கு மனம் பற்றிக்கொள்ளும் அடையாளங்கள் அவை.

பார்த்த இடத்துக்கே திரும்பி வருவதை அலுப்பூட்டும் நீட்டிப்பு என்று சிலர் குறைகூறுவது உண்டு. விண்வெளியைக் களமாகக் கொண்ட விளையாட்டுகளில் அந்தக் குறை ஓரளவு பொருந்தலாம். ஆனால் 1764இல் ஹொரஸ் வால்போல் வெளியிட்ட நாவலிலிருந்து தொடங்கும் காதிக் (Gothic) என்னும் திகில்கதை மரபில், திரும்பி வருவதே கதை. முன்னோரின் குற்றம் கட்டடத்துக்குள் மறைந்திருக்கும். வாரிசு ஒருவர் பூட்டிய அறையை நோக்கி மீண்டும் மீண்டும் இழுக்கப்படுவார். தந்தையின் கோட்டைக்கு மகன் வருவதும், வந்தவன் அதே கூடங்களைத் திரும்பத் திரும்பக் கடப்பதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். வலிமையான வாளும் கவசமுமாக உள்ளே நுழையும் அலுகார்டிடமிருந்து மரண தேவன் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறான். ஆட்டக்காரர் பலவீனராகத் தொடங்க வேண்டும் என்ற தொழில்நுட்பத் தேவை, இழந்ததை மீட்கும் ஆவலாக இங்கே உருமாறுகிறது.

பேச்சு மிகக் குறைவு. தேவாலயப் பகுதியில் பாவமன்னிப்புக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் அமர்ந்தால் ஆவி ஒன்று வந்து மறுபக்கம் அமரும். சில நேரம் அது சாந்தமாக விலகும், சில நேரம் கூர்முனைகளால் தாக்கும். இது ஏன் என்று எவரும் விளக்குவதில்லை, அறையே பேசிவிடுகிறது.

இந்த விளையாட்டின் மிகத் துணிச்சலான வடிவமைப்பு உத்தி அதன் நடுப்பகுதியில் இருக்கிறது. கோட்டையின் தலைவனாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ரிக்டர் என்ற காட்டேரி வேட்டைக்காரனைக் கொன்றுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும். கதையில் ஏதோ குறைகிறது என்ற உறுத்தல் மட்டும் எஞ்சும். இரண்டு மோதிரங்களைத் தேடி எடுத்து, அவற்றின் விவரிப்பில் பாதிப் பாதியாகப் பொறிக்கப்பட்ட குறிப்பைச் சேர்த்துப் படித்து, கடிகார அறையில் அவற்றை அணிந்து நின்றவருக்கே கீழே செல்லும் வழி திறக்கும். அங்கே கிடைக்கும் கண்ணாடியை அணிந்து பார்த்தால், ரிக்டரை வேறொருவன் ஆட்டுவிக்கிறான் என்பது தெரியும். உண்மையைக் காண்பதே இங்கே சாவி. அதன் பின்னர் வானில் தலைகீழாகத் தொங்கும் இரண்டாம் கோட்டை ஒன்று வெளிப்படுகிறது. நடந்து பழகிய கூடங்களின் கூரைகள் தரைகளாகின்றன. அதே வடிவியலை மறுபடி பயன்படுத்துவதால் உழைப்பு மிச்சமாகிறது என்பது உண்மைதான்; ஆனால் ஒவ்வொரு கூரையும் ஒரு நாள் தரையாக வேண்டியிருப்பதால், முதல் கோட்டையை வரையும்போதே இரண்டு கட்டடங்களையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டியிருந்திருக்கும். பறக்கும் திறனைப் பெற்ற பிறகே ஆட்டக்காரர் இங்கு வருகிறார் என்பதும் இதைச் சாத்தியமாக்குகிறது. பறிபோன வாளும் கவசமும் இந்தத் தலைகீழ்க் கோட்டையில்தான் கிடைக்கின்றன.

இத்தனை பூட்டுகளுக்கு நடுவே ஆட்டக்காரர் மீளமுடியாமல் சிக்கிக்கொள்ளாதபடி பார்ப்பது தனிக் கலை. கீழே குதிக்க முடிந்து மேலே ஏற முடியாத ஒரு பள்ளம் இருந்தால், அந்தப் பள்ளத்திலிருந்து வேறொரு வழி வெளியே வர வேண்டும். இல்லையேல் சேமித்த ஆட்டமே பாழாகும். திறன்களின் இடங்களைக் குலுக்கிப்போடும் மென்பொருள்களை இந்த விளையாட்டுக்கு ரசிகர்கள் எழுதியிருக்கிறார்கள். கையிலுள்ள திறன்களால் எட்டக்கூடிய அறைகள் எவை, அங்குள்ள புதிய திறனைச் சேர்த்தால் இன்னும் எவை திறக்கும் என்று இறுதி அறை வரை கணக்கிட்டுப் பார்ப்பதே, குலுக்கிய கோட்டையை முடிக்க முடியுமா என்று அறியும் வழி. அப்படிக் குலுக்கிய கோட்டையில் வௌவால் உருவம் முதலிலேயே கிடைத்துவிடலாம். அப்போது பின்னால் வரவேண்டிய சந்திப்புகள் முன்னால் வந்துவிடுகின்றன.